பெட்டியைத் திறப்போம், பக்கம் படைப்போம்!

(முதுகலை இயற்பியல், இரண்டாம் ஆண்டு மாணவன்)

பொழுதைப் போக்குவது வேறு. பொழுதை ஆக்குவது வேறு. நம் விடுதி அறைகளில் இரண்டும் நடக்கின்றன. இரவு உணவு முடிந்ததும் கைப்பேசித் திரையில் விரலை ஓட்டி ஓட்டியே நள்ளிரவைக் காணும் தோழர்கள் பலர். பழைய கணினியொன்றைத் திருப்புளியால் கழற்றி, தூசு துடைத்து, புதிய உறுப்பொன்றைப் பொருத்தி, அது மீண்டும் உயிர் பெறுவதைக் கண்டு களிக்கும் தோழர்கள் சிலர். முதல் வகையினரை எவரும் குறை கூறுவதில்லை. இரண்டாம் வகையினரைக் கண்டால் மட்டும், "எம்.எஸ்ஸி. படிக்கிறவனுக்கு மெக்கானிக் வேலை எதற்கு?" என்று கேட்கிறார்கள். கேட்பவர்களுள் பெற்றோர் உண்டு, பெரியோர் உண்டு, உடன் பயிலும் நண்பர்களும் உண்டு. அந்தக் கேள்விக்கு விடை கூறவே இக்கட்டுரை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தன் கணினியைத் தானே செப்பனிட்டு வளர்ப்பதும், தன் மொழியில் தானே ஒரு வலைத்தளம் அமைப்பதும் அறிவியல் மாணவனுக்குக் கல்வி. தமிழ் மாணவனுக்குக் கடமை. தமிழகத்துக்கு வெளியே பிறந்து வளர்ந்த நம்மைப் போன்றோர்க்கோ, அது தற்காப்பு!

நான் கோலார் தங்கவயலைச் சேர்ந்தவன். மைசூர் மைன்ஸ் எங்கள் பகுதி. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த மக்கள், லைன் வீடுகளில் குடியேறித் தலைமுறை தலைமுறையாகப் பாதாளத்தில் இறங்கிப் பொன் எடுத்த ஊர் அது. 1880 ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் கால் வைத்தனர். 2001 ஆம் ஆண்டு பிப்ரவரி 28 ஆம் நாள் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் கதவை மூடிற்று. அந்தக் கால இடைவெளியில் எண்ணூறு டன்னுக்கு மேற்பட்ட பொன் மண்ணைவிட்டு வெளியேறியது. பொன் போயிற்று, எந்திரங்கள் துருவேறின, சயனைடு மேடுகள் மட்டும் மிஞ்சின. இன்று எங்கள் ஊர் இளைஞர்கள் விடியற்காலையில் மாரிகுப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்குப் போய், இரவில் களைத்துத் திரும்புகிறார்கள்.

இந்த ஊர் தொழில்நுட்பத்துக்குப் புதியதா? இல்லை. 1902 இல் சிவசமுத்திரத்தில் காவிரி நீரால் பிறந்த மின்சாரம், ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கம்பி வழியே ஓடிவந்து முதலில் சேர்ந்த இடம் கோலார் தங்கவயல்தான். பெங்களூர் நகரத் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது அதற்குப் பின்னர், 1905 இல். 1965 இல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், தரைக்குக் கீழே 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் கூடி, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் சுவட்டைக் கண்டனர். உலகில் முதன்முதலாக அதனைக் கண்ட இரு இடங்களுள் ஒன்று எங்கள் ஊர். மற்றொன்று தென்னாப்பிரிக்கச் சுரங்கம். இவ்வளவு பெரிய அறிவியல் எங்கள் காலடியில் நடந்தது. ஆயினும் எங்கள் மக்கள் அதற்குக் கூண்டில் ஆள் இறக்கினார்கள், கல் சுமந்தார்கள். கருவி என்ன சொல்லிற்று என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வார் இல்லை. எந்திரத்தின் அருகில் நிற்பது வேறு, எந்திரத்தை அறிவது வேறு என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

இன்று நாமும் எந்திரத்தின் அருகில்தான் நிற்கிறோம். கைப்பேசி நம் சட்டைப் பையில். மடிக்கணினி நம் மேசையில். உள்ளே இருப்பது யாது? கேட்டால் விழிக்கிறோம்.

அந்தப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பழைய கணினி ஏன் தவங்குகிறது? கணிக்கும் சில்லு கிழடாகிவிட்டதால் அன்று. நினைவகம் நிரம்பியதும் கணினி மிச்சத்தை வட்டில் எழுதி வைக்கிறது. வேண்டும்போது அங்கே போய்த் தேடுகிறது. பழைய வட்டு ஒரு சுழலும் தட்டு. நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்வது. அதன் மேல் ஒரு முனை நகர்ந்து உரிய இடத்தை அடைய ஏறத்தாழப் பத்து மில்லி நொடி ஆகிறது. மனிதனுக்கு அது கணப்பொழுது. நொடிக்கு நூறு கோடி அடிகள் எடுத்து வைக்கும் சில்லுக்கோ அது ஒரு யுகம்! அசையும் உறுப்பே இல்லாத எஸ்.எஸ்.டி.யைப் பொருத்தினால் அந்தக் காத்திருப்பு நூறில் ஒரு பங்காகக் குறைகிறது. நினைவகத்தை நான்கு ஜி.பி.யிலிருந்து எட்டாக்கினால் வட்டுக்கு ஓடவேண்டிய தேவையே குறைகிறது. சில்லுக்கும் அதன் மேலுள்ள உலோகத் தகட்டுக்கும் இடையே காய்ந்துபோன பசையைத் துடைத்துப் புதுப்பசை தடவினால் சூடு தணிகிறது. ஏன்? இரு பரப்புகளுக்கிடையே உள்ள காற்று வெப்பத்தைக் கடத்த மறுக்கிறது. பசை அந்தக் காற்றை வெளியேற்றுகிறது. பி.எஸ்ஸி. முதலாண்டில் மனப்பாடம் செய்த வெப்பக் கடத்தல், இங்கே விரல் நுனியில் விளங்குகிறது. நூலில் படித்ததை ஆய்வகத்தில் பார்க்கிறோம். ஆய்வகத்தில் பார்த்ததை வாழ்க்கையில் காண இந்தப் பெட்டியைவிட மலிவான பள்ளி எது?

மலிவு என்று சொன்னேன். என் மேசையிலுள்ள கணினி, ஓர் அலுவலகம் கழித்துத் தள்ளியது. 2012 ஆம் ஆண்டுக்குரியது. பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் அலைந்து அதற்கு நினைவகமும் எஸ்.எஸ்.டி.யும் வாங்க மூவாயிரம் ரூபாய்க்குள் ஆயிற்று. என் ஆய்வுக் கணக்குகளை அது செய்கிறது. இக்கட்டுரையையும் அதில்தான் எழுதுகிறேன். சென்னைத் தோழர்களுக்கு ரிச்சி தெரு இருக்கிறது. அங்கே ஒரு நாள் சுற்றிவந்தால் ஓர் அரையாண்டுப் பாடம் விளங்கும்.

நம் முன்னோர் எந்த நிலையில் தொடங்கினர் என்பதையும் எண்ணிப் பாருங்கள். நம் நாட்டில் நாமே கட்டிய முதற் கணினிகளுள் ஒன்றான டிஃப்ராக், ஆர். நரசிம்மன் தலைமையில் பம்பாயில் உருவாகி 1960 இல் முழு அளவில் இயங்கத் தொடங்கியது. அதில் 2,700 வெற்றிடக் குழல்கள். அதன் நினைவகமோ 40 பிட் கொண்ட 2,048 சொற்கள். இன்றைய கணக்கில் பத்து கிலோபைட். தமிழ் எழுத்துக் குறி ஒன்றுக்கு மூன்று பைட் வேண்டும். ஆகவே நீங்கள் படிக்கும் இந்தக் கட்டுரைகூட அதில் அடங்காது! இன்று குப்பையில் எறியப்படும் நான்கு ஜி.பி. நினைவகத் துண்டு, டிஃப்ராக்கைப்போல நான்கு இலட்சம் மடங்கு கொள்வது. அந்தப் பத்து கிலோபைட்டை வைத்து அவர்கள் அறிவியல் வளர்த்தனர். நான்கு இலட்சம் மடங்கை வைத்துக்கொண்டு நாம் "பழசாகிவிட்டது, வேறு வாங்கவேண்டும்" என்கிறோம்.

பழசு என்று சொல்பவர் யார்? பெரும்பாலும் விற்பவரே. 2025 அக்டோபர் 14 ஆம் நாளோடு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10க்குரிய பொது ஆதரவை நிறுத்திற்று. விண்டோஸ் 11க்கோ டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாடும் குறிப்பிட்ட தலைமுறைக்குப் பிந்திய சில்லும் வேண்டுமாம். நேற்றுவரை நன்றாக உழைத்த கணினிகள் ஒரே நாளில் தகுதியிழந்தன. உறுப்பு கெட்டு அன்று, விதி மாறியதால்! அவற்றுக்கு லினக்ஸ் இருக்கிறது. 1991 இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்த இருபத்தொரு வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தம் அறைக் கணினியில் பொழுதுபோக்காகத் தொடங்கிய பணி அது. இன்று உலகின் மிகப் பெரிய கணினிகள் அதில் ஓடுகின்றன. "மாணவனின் பொழுதுபோக்கால் என்ன விளையும்?" என்று கேட்பார்க்கு இதுவே விடை.

தங்கவயல் மகன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்லவேண்டும். நினைவகத் துண்டின் விளிம்பில் மஞ்சளாக மின்னும் பற்களைப் பாருங்கள்: அது பொன் பூச்சு. பொன் துருப்பிடிக்காது, ஆகவே தொடுமுனைகளுக்கு அதுவே ஏற்றது. எங்கள் சுரங்கத்தில் தொடக்க காலத்தில் ஒரு டன் கல்லிலிருந்து நாற்பது கிராமுக்கு மேல் பொன் கிடைத்தது. இறுதிக் காலத்தில் மூன்று நான்கு கிராமே. கணினிச் சுற்றுப்பலகைகளை ஒரு டன் குவித்தால், அவற்றின் தரத்துக்கேற்ப நூறு கிராமுக்கு மேலும் பொன் இருக்கும் என்கின்றனர் ஆய்ந்தோர். அதாவது, நாட்டின் பொற்சுரங்கம் இன்று குப்பை மேட்டில் இருக்கிறது! ஐக்கிய நாடுகள் அமைப்பு சார்பில் 2024 இல் வெளிவந்த அறிக்கை, 2022 ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6 கோடியே 20 இலட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது என்றும், அதில் முறையாகத் திரட்டி மறுசுழற்சி செய்தது 22.3 விழுக்காடே என்றும் சொல்கிறது. எஞ்சியதில் பெரும்பகுதி எங்கே போகிறது? ஏழை எளிய மக்கள் கைக்குப் போகிறது. பலகையைத் தீயிலிட்டு, அமிலத்தில் தோய்த்துப் பொன்னும் செம்பும் பிரிக்கிறார்கள். காரீயப் புகையைக் குழந்தைகளும் சுவாசிக்கின்றன.

பொன் எடுத்தவனின் நெஞ்சு எப்படிப் புண்ணாகும் என்பது எங்களுக்குத் தெரியும். பாறைத்தூசு நுரையீரலில் படிந்து இருமி இருமியே மாய்ந்த தாத்தாக்கள் எங்கள் லைன்களில் வீட்டுக்கு வீடு உண்டு. என் தாத்தாவும் அவர்களுள் ஒருவர். காற்றடித்தால் சயனைடு மேட்டு மண் இன்றும் எங்கள் சோற்றில் விழுகிறது. ஆகவே சொல்கிறேன்: பொன்னுக்காகப் பலகையை உருக்குவதல்ல அறிவு, உருக்கவேண்டிய நாளைத் தள்ளிப்போடுவதே அறிவு. ஒரு கணினி இன்னும் ஐந்தாண்டு உழைத்தால், ஐந்தாண்டு அது குப்பைக்குப் போகாது. உழைத்து ஓய்ந்த பின்னரும், 2022 ஆம் ஆண்டின் மின்கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமே அது சேரவேண்டும்.

இதுவரை பெட்டியைப் பேசினேன். இனிப் பக்கத்தைப் பேசுவேன்.

வைய விரிவு வலை பிறந்த இடமே ஓர் இயற்பியல் ஆய்வகம். செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989 இல் அதனை முன்மொழிந்தார். 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் அதனை எவரும் கட்டணமின்றி ஆளலாம் என்று உலகுக்குக் கொடையாக வழங்கிற்று. அக் கொடையைத் தமிழுக்குக் கொண்டுவந்தோர் யார்? அரசுகள் விழித்தெழுமுன்னரே அப்பணியைத் தொடங்கியோர், தமிழகத்துக்கு வெளியே வாழ்ந்த தனி மனிதர்கள்! சிங்கப்பூரில் ஆசிரியராயிருந்த நா. கோவிந்தசாமி, 1995 இலேயே தமிழ்க் கவிதைகளை வலையில் ஏற்றும் முயற்சிக்குத் துணைநின்றார். தாம் படைத்த முறைக்குச் சங்கப் புலவர் பெயரால் 'கணியன்' எனப் பெயரிட்டார். மலேசியாவின் முத்து நெடுமாறன் 1980களின் நடுவில் தொடங்கிய முயற்சி, 'முரசு அஞ்சல்' ஆக வளர்ந்தது. சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆய்வாளராய் இருந்த கு. கல்யாணசுந்தரம், 'மயிலை' என்னும் எழுத்துருவை ஆக்கினார். 1998 பொங்கல் நாளில், தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து வலையில் இலவசமாக வைக்கும் மதுரைத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். பகலில் வேதியியல், இரவில் தமிழ்! அறிவியல் மாணவனின் ஓய்வுநேரம் தமிழுக்கு என்ன செய்யும் என்பதற்கு நமக்கு வேறு வழிகாட்டி தேவையில்லை. புலம்பெயர்ந்தோரின் பொழுதுபோக்கே தமிழ் இணையத்தின் கால்கோள் என்றால் அது மிகையாகாது.

நாமோ என்ன செய்கிறோம்? பேரவை விழா, பட்டிமன்றம், பொங்கல் கோலம், மாணவர் கவிதை — அனைத்தையும் பெருநிறுவனங்களின் சமூக ஊடகக் கணக்குகளில் கொட்டிவிட்டு வாளா இருக்கிறோம். அது வாடகை வீடு, தோழர்களே! வீட்டுக்காரன் எழுப்பினால் எழவேண்டும். 1990களில் மக்கள் தம் பக்கங்களை ஆசையாய் அமைத்த ஜியோசிட்டீஸ் தளத்தை யாஹூ நிறுவனம் 2009 அக்டோபரில் மூடிற்று. இலட்சக்கணக்கான பக்கங்கள் தம் முகவரி இழந்தன. தமிழ்ப் பக்கங்களும் அவற்றுள் உண்டு. ஆர்வலர் சிலர் முன்வந்து படியெடுத்தவை மட்டுமே பிழைத்தன. சொந்தமாக ஒரு தளம், அதன் முழுப் படி நம் கணினியில் ஒன்று, வேறோர் இடத்தில் மற்றொன்று: இவ்வளவு இருந்தால் எவன் மூடினாலும் மறுநாளே வேறிடத்தில் கடை திறக்கலாம்.

செலவு பெரிதா? இல்லை. இரண்டாயிரம் சொற்கள் கொண்ட ஒரு தமிழ்க் கட்டுரை ஏறத்தாழ அறுபது கிலோபைட். கைப்பேசியில் எடுக்கும் நிழற்படம் ஒன்றின் இடத்தில் ஐம்பது கட்டுரைகள் அடங்கும்! எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ். இரண்டையும் இரு வாரத்தில் பழகலாம். அழகு காட்டும் பாரங்களை ஏற்றாமல், எழுத்தையே முதன்மையாக வைத்து யூனிகோடில் அமைத்த பக்கம், மாரிகுப்பம் ரயிலில் இணைப்பு விட்டு விட்டு வரும்போதும் பழைய கைப்பேசியில் திறக்கும். பக்கம் அமைப்போர் இதை மறக்கலாகாது: நம் வாசகரின் கையில் இருப்பது விலையுயர்ந்த கருவியன்று.

பக்கத்தில் எழுத என்ன இருக்கிறது என்பீர்கள். என் ஊரின் பெயரைத் தேடுபொறியில் இட்டுப் பாருங்கள். 2018 இலும் 2022 இலும் வந்த திரைப்படங்களே திரண்டு வருகின்றன. துப்பாக்கியும் தாடியும் தெரிகின்றன. என் பாட்டி தெரியவில்லை. நிறுவனத்தின் கணக்கேட்டில் எத்தனை அவுன்ஸ் பொன் என்று இருக்கும். 'கேஜ்' கீழே இறங்குகையில் எந்தச் சாமியை வேண்டினார்கள் என்று இராது. பாறை வெடித்த இரவில் ஷாஃப்ட் வாயில் நின்ற பெண்கள் என்ன பேசினார்கள் என்று இராது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஆங்கிலமும் கலந்து எங்கள் லைன்களில் விளைந்த பேச்சு எந்த அகராதியிலும் முழுமையாக இராது. இவை யாவும் எழுபது, எண்பது வயது நெஞ்சங்களில் மட்டும் இருக்கின்றன. விடுமுறை தோறும் அச்சொற்களைக் கேட்டுக் கேட்டு ஒரு சிறு பக்கத்தில் சேர்த்து வருகிறேன். ஒவ்வொரு விடுமுறைக்கும் சொல்வோரில் ஒருவர் குறைந்திருக்கிறார். தற்காப்பு என்று தொடக்கத்தில் நான் சொன்னது இதைத்தான். நம்மைப் பற்றி நாம் எழுதாவிடில் பிறர் எழுதுவர். அவர்கள் எழுதியதே நாம் ஆகிவிடுவோம்.

இதற்கு மறுப்புரைப்போர் இரு திறத்தார். "படிப்புக் கெடும்" என்பர் ஒரு சாரார். அளவு மீறினால் கெடும், உண்மைதான். அளவு மீறினால் கெடாதது எது? வாரத்துக்கு நான்கு மணி நேரம் போதும். மறு சாரார், "செயற்கை நுண்ணறிவிடம் சொன்னால் ஒரு நிமிடத்தில் வலைப்பக்கம் அமைத்துத் தருகிறதே, நாம் ஏன் கற்கவேண்டும்?" என்பர். தருகிறது; மறுக்கவில்லை. ஏணி கிடைத்தால் ஏறலாம், தவறில்லை. ஆனால் அது தந்ததைப் படித்துப் பிழை காண நமக்குத் தெரியவேண்டாமா? மேலும், அந்த நுண்ணறிவு தானே அறிந்ததன்று. மனிதர் எழுதி வைத்ததைப் படித்து அறிந்தது. மைசூர் மைன்ஸ் மக்களைப் பற்றி எவரும் தமிழில் எழுதி வைக்காவிடில், அதற்கும் தெரியாது; தெரிந்ததுபோல ஏதேனும் சொல்லும். நாளைய எந்திரம் நம்மைச் சரியாக அறியவேண்டுமானால், இன்றைய மனிதன் எழுதவேண்டும்.

ஆகவே நம் பேரவைக்கு நான்கு வேண்டுகோள்கள் வைக்கிறேன்.

முதலாவது, பேரவை அறையில் ஒரு மேசை, ஒரு விளக்கு, திருப்புளிகள் சில. சனிக்கிழமை தோறும் மாலை இரண்டு மணி நேரம், தெரிந்தவர் தெரியாதவருக்குக் கற்பிக்கட்டும். இரண்டாவது, துறைகள் கழித்துத் தள்ளும் கணினிகளை முறைப்படி விண்ணப்பித்துப் பெறுவோம். பழைய வட்டிலுள்ள தகவலை முற்றும் அழித்து, லினக்ஸ் நிறுவி, கணினி இல்லாத முதலாண்டு மாணவர்க்கு வழங்குவோம். மகளிர் விடுதியிலும் இவ்வாறே ஒரு மேசை இருக்கட்டும். திருப்புளி ஆண்களின் தனியுடைமை அன்று. மூன்றாவது, இந்த இதழுக்கு நாமே அமைத்த ஒரு தளம். பழைய இதழ்களும் அதில் ஏறட்டும். நான்காவது, ஒவ்வொரு மாணவரும் தம் ஊரைப் பற்றி ஒரு பக்கமேனும் எழுதட்டும். தோட்டத்திலிருந்து வந்தவர் தோட்டத்தை எழுதுக. ஆலைத் தெருவிலிருந்து வந்தவர் ஆலையை எழுதுக. துறைமுகத்திலிருந்து வந்தவர் துறைமுகத்தை எழுதுக.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. கணினியைத் திறக்குமுன் மின்னிணைப்பை அகற்றுங்கள். மின்வழங்கிப் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறவாதீர்கள். இணைப்பை அகற்றிய பின்னரும் அதன் மின்தேக்கிகளில் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். ஆர்வம் வேண்டும், அறிவோடு கூடிய ஆர்வம் வேண்டும்.

எங்கள் முன்னோர் மூன்று கிலோமீட்டர் ஆழம் இறங்கினார்கள். எடுத்த பொன்னில் ஒரு குன்றிமணியும் அவர்கள் வீட்டில் தங்கவில்லை. நாம் அத்தனை ஆழம் இறங்கவேண்டாம். நான்கு திருகாணிகளைக் கழற்றினால் போதும். இறங்கி எடுப்பதை இம்முறை நம் பெயரில், நம் மொழியில், நம் பக்கத்தில் வைப்போம். வருகிற சனிக்கிழமை மாலை பேரவை அறைக்கு வாருங்கள், தோழர்களே! திருப்புளி நான் கொண்டுவருகிறேன்.